குளிர்ந்த ஆற்றில் நிற்பதற்கு ஓர் உடை

ஸ்காட்லாந்து நாட்டிலே டே என்று ஓர் ஆறு ஓடுகிறது. பிரிட்டனின் ஆறுகளுள் மிகுதியான நீரைக் கடலில் சேர்ப்பது அதுவே. ஆண்டுதோறும் ஜனவரி 15ஆம் நாளன்று அங்கே சால்மன் மீன் பிடிக்கும் பருவம் தொடங்குகிறது. அப்பொழுது ஆற்றுநீர் உறைநிலைக்குச் சில டிகிரிகளே மேலாக இருக்கும். அந்த நீரில் இடுப்பளவு இறங்கி, மணிக்கணக்காகத் தூண்டில் வீசிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை அங்கே நிற்க வைப்பது, பாதம் முதல் மார்பு வரை ஒன்றாகத் தைத்த நீர்புகாக் காற்சட்டை. ஆங்கிலத்தில் அதனை 'வேடர்' என்பார்கள். நீரில் இறங்கி நடப்பவர்க்கு உரியது என்பது பொருள். நம்முடைய வேடருக்கும் அதற்கும் உறவில்லை.

நேயர்களே, ஓர் உடையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று நினைக்கலாம். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் நம் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். குளிர்நீரில் திடீரென வீழ்ந்தவனுக்கு முதலில் மூச்சு திணறும். பிறகு சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேளா; கரையிலுள்ள கிளையைப் பற்றவும் வலுவிருக்காது. ஆகவே கடையில் ஒரு தையலைப் பார்க்கத் தவறியவன், ஆற்றின் நடுவே அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

இவ்வுடையின் கதை ரப்பரின் கதை. கிளாஸ்கோ நகரத்து வேதியியலார் சார்லஸ் மாக்கின்டாஷ், இரு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி நீர்புகாத் துணி செய்து 1823இல் காப்புரிமை பெற்றார். அந்தத் துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்கரான குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் என்று கண்டார். ஆனாலும் இயற்கை ரப்பருக்கு மற்றொரு பகை உண்டு. காற்றில் சிறிதளவே உள்ள ஓசோன், ரப்பர் மடிந்தும் இழுபட்டும் இருக்கும் இடங்களைத் தாக்கி வெடிக்கச் செய்கிறது. மடித்துப் பெட்டியில் வைத்த ரப்பர்க் காற்சட்டை மடிப்பிலேயே பிளப்பது அதனால்தான்.

1930இல் அமெரிக்காவில் உருவான நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் ஓசோனை நன்கு தாங்குகிறது. அதை நுரைபோலச் செய்து, சிறு குமிழ்களில் வாயுவை அடைத்தால், அதுவே கம்பளிபோல் குளிரைத் தடுக்கும். இத்தகைய காற்சட்டைகள் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பில் கிடைக்கின்றன. குறை என்னவெனில், உள்ளே சுரக்கும் வியர்வைக்கு வெளியேற வழியில்லை. இரண்டு மைல் நடந்து ஆற்றை அடைபவன், நீரில் இறங்குமுன்பே நனைந்துவிடுவான். பிறகு அந்த ஈரமே அவனைக் குளிரச் செய்யும்.

1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து, நுண்துளைகள் நிறைந்த சவ்வாக மாற்றினார். அத்துளைகளின் வழியே நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும். இத்தகைய சவ்வை நைலான் துணிகளுக்கிடையே ஒட்டிய காற்சட்டைகள் இன்று பெருவழக்கு. ஆனால் சவ்வுக்குத் தன் வெப்பம் இல்லை. உள்ளே கம்பளி அணிய வேண்டும். நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பவருக்கு நியோப்ரீனும், மிகுதியாக நடப்பவருக்குச் சவ்வும் கம்பளியும் ஏற்றவை என்பது என் கருத்து.

நீடித்து உழைக்குமா என்று அறிவது எப்படி? விற்பவர் 'டெனியர்' எண்ணைச் சொல்லுவார். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அந்நூலின் டெனியர். எண் பெரிதானால் நூல் தடிப்பு, அவ்வளவுதான். பெரும்பாலும் முதலில் கெடுவது துணி அன்று, தையல். நடக்கும்போது தொடைகள் ஒன்றோடொன்று உராயும் இடத்தில் தையல் ஓடினால், அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். முழங்காலிலும் கீழ்க்காலிலும் துணி இரட்டிப்பாக இருக்கிறதா, தையலின் மேல் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அணிந்து, குந்தி அமர்ந்து, ஒரு காலை நாற்காலியின் மேல் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். இறுகினால் தையல் பிரியும். தொளதொளத்தால் துணி தேயும். அளவு பிசகினால் விலை உயர்ந்ததும் விரைவில் வீணாகும்.

காலணியோடு இணைந்த வகை, பாதத்தை இறுக்காததால் குளிருக்கு நல்லது. தனிக் காலணி அணியும் வகையில், காலணி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அடிப்பாகத்தில் கம்பளிநார் ஒட்டிய காலணி பாசிக் கல்லை நன்றாகப் பற்றும். ஆயினும் ஈரத்தோடு நுண்ணுயிர்களையும் ஓராற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு ஏந்திச் செல்லும். அதனால் நியூசிலாந்து 2008இல் அதைத் தடைசெய்தது.

இடுப்புப் பட்டையை மறவாதீர்கள். நீர் நிறைந்த காற்சட்டை ஆளை அடியில் இழுத்துவிடும் என்ற அச்சம் பரவலானது. அமெரிக்கத் தூண்டிற்காரர் லீ வுல்ஃப், அதை அணிந்தே பாலத்திலிருந்து குதித்து, அது பொய் என்று காட்டினார். உள்ளே உள்ள நீரும் வெளியே உள்ள நீரும் ஒரே அடர்த்தி. ஆர்க்கிமிடீஸ் படித்தவர்க்கு இது புரியும். இடர் கரையேறும்போதுதான் வருகிறது. அப்பொழுது அந்நீர் முழுவதையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். குளிர்நீரும் உடலைச் சுற்றியே நிற்கும். பட்டை இறுக்கமாக இருந்தால் உட்புகும் நீர் குறையும்.

வீடு திரும்பியதும் உள்ளும் புறமும் உலர்த்தி, மடிக்காமல் தொங்கவிட வேண்டும். சவ்வுக் காற்சட்டையில் ஊசித்துளை இருப்பதாக ஐயம் எழுந்தால், உட்புறம் வெளியே தெரியுமாறு புரட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினால், துளை உள்ள இடம் கரும்புள்ளியாகத் தெரியும். அங்கே ஒரு துளி பசை வைத்து, மறுநாள் வரை காயவிடுவது போதும்.