பாலைவனத்தில் ஒரு வெந்நீர்க் குளியல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

"ஆஸ்திரேலியா போயிட்டு வந்தியே, அதைப் பத்திப் பேசேன்" என்றார் சங்கச் செயலாளர். சிட்னி பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் உங்களை அந்த நாட்டின் நடுவயிற்றுக்குக் கூட்டிப்போகிறேன்.

2019 ஜூலை. அங்கே அது குளிர்காலம். அடிலெய்டில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் காரில் அழைத்துப் போனார்கள். வடக்கே ஊட்னடாட்டா என்ற சிற்றூர் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதற்கப்புறம் செம்மண், சரளைக்கல், மறுபடி செம்மண். சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரத்தில், விட்ஜிரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது டால்ஹவுசி ஊற்றுகள். விடியற்காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் பல் கிட்டுகிறது. எதிரே நாணல் சூழ்ந்த ஒரு பெரிய குளம். அதன் மேல் ஆவி எழும்பிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை வேறு. பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மகள் பாய்ந்து வந்து பிடுங்கினாள். "அப்பா! இங்க சோப்பே கூடாது, நீங்க எண்ணெயோட வர்றீங்க!" அவள் சொன்னது நியாயம்தான். அந்த ஊற்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அதில் வாழ்கின்றன. ஒரு கெளுத்தி வகைகூட உண்டு. எண்ணெய் இல்லாமலே இறங்கினேன். உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர். குட்டி மீன்கள் காலைக் கடித்துக் கூச்சம் காட்டின. அறுபத்திரண்டு வயதில் ஒருவன் தண்ணீருக்குள் நின்றுகொண்டு சிரிப்பதை மாப்பிள்ளை போட்டோ எடுத்துவிட்டார்.

எரிமலை இல்லாத இடத்தில் வெந்நீர் எப்படி என்று முன் வரிசையில் ஒரு தங்கை கேட்கிற மாதிரி பார்க்கிறார். இதற்குப் பெயர் பேரார்ட்டீசியன் படுகை. பரப்பு ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பெரும்பாலும் கிழக்கே மலைச்சரிவில் பெய்யும் மழை மணற்கல்லுக்குள் இறங்குகிறது. மேலே தண்ணீர் புகாத களிப்பாறை மூடி. ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். சில இடங்களில் அந்த நீரின் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல். ஆழத்தில் பூமிச்சூட்டில் காய்ந்து, அழுத்தம் தாங்காமல், பாறை வெடிப்பு கிடைத்த இடத்தில் மேலே வருகிறது. அந்த மண்ணுக்குரிய பழங்குடி மக்கள் ஒவ்வொரு ஊற்றையும் அறிந்து அதை நம்பி வாழ்ந்தவர்கள். 1872-ல் முடிந்த தந்திக் கம்பியும், பிறகு வந்த பழைய ரயில் பாதையும் ஊட்னடாட்டா வரை இந்த ஊற்று வரிசையை ஒட்டித்தான் போயின.

இனிச் சொல்லவந்த விஷயம். 1878-ல் பர்க் நகரத்துப் பக்கம் ஒரு பண்ணையில் முதல் துளை போட்டார்கள். தண்ணீர் தானே பொங்கியது. 1915 வாக்கில் ஏறக்குறைய 1,500 துளைகள். மூடி கிடையாது. மண் வாய்க்காலில் ராப்பகலாக ஓடவிட்டார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகவும் கசிவாகவும் போனது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கம் பல ஊற்றுகள் வற்றிப்போயின. கீழே தண்ணீர் தீரவில்லை, கவனியுங்கள், அழுத்தம் இறங்கிவிட்டது. 1999 முதல் 2017 வரை அரசுகள் செலவில் பங்கு போட்டுத் துளைகளுக்கு வால்வு வைத்து, வாய்க்காலுக்குப் பதில் குழாய் போட்டார்கள். பல இடங்களில் அழுத்தம் ஏறவும் செய்தது.

மகளிடம் இதை விளக்கிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். "ஏம்ப்பா?" என்றாள்.

எங்கள் ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கம். எங்கள் கொல்லையிலும் மோட்டார் இல்லாமல் பொங்குகிற போர் இருந்தது. ராத்திரி அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். 1978-ல் நான் இங்கே இரண்டாம் ஆண்டு நிலவியல். அப்பா கேட்டார்: "தம்பி, சும்மா ஓடுதே, ஒரு மூடி போட்டுடலாமா?" படித்த பிள்ளை நான் சொன்னேன்: "கீழ கடல் மாதிரி இருக்குப்பா, வத்தாது." அப்பா மூடி போடவில்லை. பிள்ளை காலேஜில் படிக்கிறான் என்று பக்கத்து வயல்காரர்களிடமும் அதையே சொன்னார்.

ஏழெட்டு வருஷத்தில் மோட்டார் வைக்க வேண்டியதாயிற்று. நான் சொன்னதை அப்பா கடைசிவரை எடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்தக் கல்லூரி எனக்குத் தப்பாக எதுவும் கற்றுத்தரவில்லை. அழுத்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்.

அடிலெய்டு திரும்பியதும் ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, அந்தப் பழைய குழாய் என்ன ஆச்சு என்று கேட்டேன். "இருக்குண்ணே, துருப்பிடிச்சு நிக்குது. அதுலதான் கன்னுக்குட்டியைக் கட்டுறேன்" என்றான்.