ஸ்டெதஸ்கோப் யாருக்குச் சொந்தம்?

அழகிப் போட்டியில் திறமைச் சுற்று என்றால் பாடுவார்கள், ஆடுவார்கள். 2015 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மிஸ் அமெரிக்கா போட்டியில், மிஸ் கொலராடோ பட்டம் வென்ற கெல்லி ஜான்சன் வேறொன்று செய்தார். நர்ஸ் சீருடையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு மேடைக்கு வந்து பேசினார். அவர் நிஜமாகவே நர்ஸ்.

பேசியது ஜோ என்ற மறதிநோயாளியைப் பற்றி. ஜோ ஏதாவது கேட்டால், "மருந்தை மாற்ற என்னால் முடியாது, நான் வெறும் நர்ஸ்தானே" என்பாராம் கெல்லி. ஒருநாள் ஜோவே, நீ வெறும் நர்ஸ் இல்லையம்மா என்று திருத்தியிருக்கிறார். எல்லாவற்றையும் மறக்கிற மனிதருக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

மறுநாள் 'தி வியூ' என்ற டிவி நிகழ்ச்சியில் இதைக் கிண்டல் செய்தார்கள். "இவருக்கு எதற்கு டாக்டருடைய ஸ்டெதஸ்கோப்?" என்று கேட்டார் தொகுப்பாளர்களில் ஒருவரான ஜாய் பெஹார். வந்தது வினை. நாடெங்கும் நர்ஸ்கள் ஸ்டெதஸ்கோப்போடு படமெடுத்து இணையத்தில் போட்டுத் தள்ளினார்கள். சில நிறுவனங்கள் விளம்பரத்தையே நிறுத்தின. ஜாய் பெஹார் மன்னிப்பும் கேட்டார்.

கேள்வியே அபத்தம்தான். ரத்த அழுத்தம் பார்ப்பது, நெஞ்சில் சளி இரைகிறதா, வயிற்றில் குடல் அசைகிறதா என்று கேட்பது, இதெல்லாம் வார்டில் நர்ஸின் அன்றாட வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். நடு ராத்திரி மூச்சு மாறினால் முதலில் காது கொடுப்பவர் நர்ஸ்தான்.

கெல்லிக்கு அந்தப் போட்டியில் கிடைத்தது மூன்றாம் இடம். கிரீடம் மிஸ் ஜார்ஜியாவுக்குப் போனது. ஆனால் அந்த வாரம் அமெரிக்கா பேசியதெல்லாம் கெல்லியைப் பற்றித்தான்.