முட்டி வலி ஏன் வருகிறது?



"முட்டிக்கு முன்னாடி வலிக்குது, படி இறங்க முடியல" என்று புழல் பக்கத்தில் பல தாய்மார்கள் சொல்கிறார்கள். உடனே "வாதம்", "எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வலி 15 வயதுப் பெண்ணுக்கும் வரும்.

முட்டியின் முன்பக்கம் தடவினால் தட்டுப்படுவது சில்லு. காலை மடக்கி நீட்டும்போது, கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல, தொடை எலும்பின் பள்ளத்தில் இது வழுக்கி ஓடுகிறது. இதை இழுத்துப் பிடிப்பது தொடைத் தசை. முட்டி மடங்க மடங்கச் சில்லின் மேல் அழுத்தம் கூடும். சமதரையில் நடப்பதைவிடப் படியில் அதிகம். குந்தி எழும்போது அதைவிட அதிகம்.

வலிக்கான காரணங்கள்:

1. தொடை, இடுப்புத் தசைகள் பலம் குறைவது.
2. வேலை திடீரெனக் கூடுவது. குடம் தூக்கி மாடி ஏறுவதும், செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டை சுமப்பதும் இதில் சேரும்.
3. நெடுநேரம் குந்தியபடி பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது.
4. உடல் எடை கூடுவது, முட்டியில் அடிபடுவது.
5. வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்மானம்.

செங்குன்றத்திலிருந்து பாரிமுனை வரை பஸ்ஸில் உட்கார்ந்து போய் எழுந்திருக்கும்போது முன்முட்டி வலித்தால், அது பெரும்பாலும் சில்லு வலிதான்.

மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்காதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மாத்திரை தசைக்குப் பலம் தராது. படுத்தே கிடப்பதும் தவறு. தொடை இன்னும் மெலிந்துபோகும்.

செய்ய வேண்டியது இதுதான். கால் நீட்டி உட்காருங்கள். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 எண்ணுங்கள். இப்படி 10 தடவை, காலையும் மாலையும். குந்துவதற்குப் பதில் முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

முட்டி வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் வந்தால், மடங்காமல் பூட்டிக்கொண்டால், விழுந்த பின் கால் ஊன்ற முடியாவிட்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ செல்லுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: மாடிக்குத் தண்ணிக் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அம்மாவின் முட்டிக்கு அதுவும் ஒரு மருந்து.