சொல்ல இடம் கொடுப்போம்
(மாதர் தின ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

இன்று ஞாயிற்றுக்கிழமை. விறகு பொறுக்க, துணி துவைக்க, பிள்ளைகளின் தலையைப் பார்க்க உங்களுக்கு இருக்கிற ஒரே நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு தாய். வயது 42. "பேரைச் சொல்லாம விஷயத்தைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால் சொல்கிறோம். அவர் மூன்று மாதத்தில் மூன்று தடவை டிஸ்பென்சரிக்குப் போனார். புத்தகத்தில் மூன்று வரி இருக்கிறது. முதல் தடவை: தலைசுற்று, பெனடோல். இரண்டாம் தடவை: அசதி, விற்றமின். மூன்றாம் தடவை: மீண்டும் தலைசுற்று, பெனடோல். நான்காவது மாதம் மலையிலேயே கூடையோடு விழுந்துவிட்டார். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பரிசோதித்துப் பார்த்தால் இரத்தத்தின் அளவு 6 கிராம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பப்பையில் கட்டி. எட்டு மாதமாக மாதவிலக்கில் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போயிருக்கிறது. இரத்தம் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?" என்று கேட்டோம். அவர் சொன்னது இது: "எங்கங்க ஐயா சொல்றது? கதவுகிட்ட ஆம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க. மருந்து குடுக்கிறவரும் ஆம்பள. 'என்னம்மா, தலைசுத்தா, சாப்பிடாம வந்தியா'ன்னு அவரே கேட்டு அவரே எழுதிட்டாரு."

பிழை அங்கே மட்டும் இல்லை. அதே காலத்தில் அவர் எங்களிடமும் வந்தார். "மல ஏற மூச்சு வாங்குது, கொஞ்ச நாளைக்குக் கீழ் மலையில வேல கெடைக்குமா" என்று கேட்டார். "எல்லாரும் இப்படிக் கேட்டா மேல் மலைக்கு யார் போறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வேலைக்குக் கள்ளம் என்றுதான் நினைத்தோம். இதை உங்கள் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அதே மாதம் ஒரு ஆண் தொழிலாளி நெஞ்சு வலி என்றார். பத்து நிமிடத்தில் லொறி வந்தது. அது சரியான காரியம்தான். ஆனால் ஆண் சொன்னால் நோய், பெண் சொன்னால் சாக்கு என்று எங்கள் மனதில் எப்போது பதிந்தது?

1984ஆம் ஆண்டில்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. அதற்கு முன் ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்தாலும் பெண்ணுக்குக் குறைந்த கூலி. அந்த வித்தியாசம் செக்ரோலில் இருந்து போய்விட்டது. டிஸ்பென்சரி வாசலில் இன்னும் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, நேரம். டிஸ்பென்சரியும் கிளினிக்கும் நடக்கிற நேரத்தில்தான் பெண்கள் மலையில் நிற்கிறார்கள். போனால் அரைப்பேர். அரைப்பேருக்குப் பயந்து நோயை மறைக்கிறார்கள். வேலை முடிந்து வந்தாலோ அடுப்பு, தண்ணீர், பிள்ளை.

இரண்டாவது, மொழி. டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். மொழிபெயர்க்கக் கொழுந்தனையோ மகனையோ கூட்டிப் போகிறோம். அவன் முன்னால் ஒரு தாய் தன் மாதவிலக்கைப் பற்றி என்ன பேசுவாள்? "சும்மா வயித்து வலி" என்று முடித்துக்கொள்வாள். டொக்டரும் வயிற்று வலிக்குத்தான் மருந்து கொடுப்பார்.

மூன்றாவது, பெண்ணைத் தாயாக மட்டும் பார்ப்பது. கர்ப்பிணிக்கு அட்டை இருக்கிறது, நிறை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், மருத்துவிச்சி லயத்துக்கே வருகிறார். இது நல்ல சேவை, குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: "வயித்துல புள்ள இருந்தா தேடி வாறாங்க. புள்ள பொறந்து வளந்துட்டா நம்மள யாரு தேடுறா?" 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் 500 ரூபா கொடுத்த காலத்தில், தோட்டத்து லொறியிலேயே பெண்களை ஏற்றிக்கொண்டு போனதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு லொறி கிடைத்தது. நாற்பது வயதுப் பெண்ணின் மூச்சிரைப்புக்குக் கிடைக்கவில்லை.

இது தோட்டத்துக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில் 1977இல் வந்த ஒரு விதி, பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் முதல் கட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். மாரடைப்பும் அப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுதான் மாரடைப்பு என்று எல்லோரும் நினைக்கிறோம். பெண்களுக்கும் நெஞ்சு வலி வரும். ஆனால் அதோடு, சில வேளை அது இல்லாமலேயே, மூச்சு முட்டல், தாடை வலி, முதுகு வலி, வாந்தி, தாங்க முடியாத களைப்பு என்று வரலாம். அதை "வாயு" என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். இனி அப்படிச் செய்யாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அந்தத் தாய் விழுந்த பிறகு எங்கள் தோட்டத்தில் சில காரியங்கள் செய்தோம். டிஸ்பென்சரிக்குள் ஒரு திரை போட்டோம். வரிசையை வாசலில் இருந்து பத்தடி தள்ளி வைத்தோம். வாரத்தில் ஒரு நாள் மாலை 5 மணிக்குப் பெண்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கினோம். அன்று மருத்துவிச்சியும் இருப்பார். தலைசுற்று, அசதி என்று எந்தப் பெண் வந்தாலும் மாதவிலக்கு எப்படி, மலை ஏறும்போது மூச்சு வாங்குதா, எத்தனை நாளாக இருக்கு என்று மூன்று கேள்வி கேட்டுத்தான் மருந்து எழுத வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. திரைத்துணியை மாதர் சங்கமே தைத்துத் தந்தது.

தாய்மார்களே, உங்கள் பங்கும் இருக்கிறது. எத்தனை நாள் இரத்தம் போகிறது, எத்தனை துணி மாற்றுகிறீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். அது வெட்கமான பேச்சு இல்லை. டொக்டருக்கு அதுதான் கணக்கு. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க மாதர் சங்கத்தில் சிங்களம் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத் தண்ணீரோடு போடாதீர்கள். நாம் பறிக்கிற தேயிலையே அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கொய்யாவும் தேசிக்காயும் நல்லது. 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கிற்குப் போய்க் கர்ப்பப்பை வாசலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளினிக் 1996இல் இருந்து நம் நாட்டில் நடக்கிறது. மார்பு, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். காசு இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? சட்டியில் மீன் துண்டு மிஞ்சாத நாளில் வெறும் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது யார்? காய்ச்சல் வந்தால் கடைசியாக மருந்துக்குப் போவது யார்? டிஸ்பென்சரியில் நடப்பது நம் காம்பராவில்தான் தொடங்குகிறது. மனைவி மருந்துக்குப் போகிற நாளில் அரிசியை நீங்கள் அடுப்பில் வையுங்கள். டொக்டர் அவளிடம் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவள் சொல்லட்டும்.

அந்தத் தாய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது மறுபடி கொழுந்துக்குப் போகிறார். இன்றும் இங்கே வந்திருக்கிறார். அவர் நான்கு மாதம் சொல்ல முடியாமல் இருந்ததை உங்களில் ஒருவர் இன்று சொன்னாலும் போதும். கூட்டம் முடிந்ததும் மருத்துவிச்சி பிள்ளைக்காம்பராவில் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டோம்.