பிரிய வேண்டிய தையலும் ஒளிக்கக் கூடாத துப்பும்



தையல் புத்தகம் எழுதியவர்களைவிடக் கொலைக்கதை எழுதியவர்கள்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. நீங்களாவது ஒப்புக்கொள்கிறீர்களா என்று பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். முதலில் மிஷினில் இருந்தேன். பிறகு, தைத்து வருவதைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். ஷிப்டு பஸ்ஸில் துப்பறியும் நாவல், ஞாயிற்றுக்கிழமையில் துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை. இரண்டிலும் எனக்குப் பட்டம் கிடையாது, அபிப்பிராயம் மட்டும் நிறைய உண்டு.

பஸ் விஷயத்தை முதலில் சொல்கிறேன். கடையில் கிளிப் மாட்டித் தொங்குமே, அந்த மாத நாவல்களைத்தான் நான் படித்தேன். அட்டையில் இருக்கும் பெண்ணுக்கும் உள்ளே இருக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. கோயமுத்தூர் ராஜேஷ்குமாரின் முதல் நாவல் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980-ல் மாலைமதியில் வந்தது. இன்றைக்கு அவர் கணக்கு 1500-ஐத் தாண்டிவிட்டது. அவருடைய உத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் போகும். அடுத்த அத்தியாயம் வேறு ஊர், வேறு ஆட்கள். இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்கிற ஆவலிலேயே பக்கம் ஓடிவிடும். சேர்கிற இடம்தான் எனக்குப் பிரச்சினை. நூறு பக்கம் நிதானமாக நடந்துவிட்டுக் கடைசி நாலு பக்கத்தில் துப்பறியும் விவேக்கை வைத்து அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொல்லவைக்கும் நாவல்களும் அதில் உண்டு. பஸ் நிற்கப் போகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசிலா இரண்டு பேரும் துப்பு துலக்குவதைவிடச் சண்டை போடுவது நன்றாக இருக்கும். சுசிலாவின் பனியனில் என்ன வாசகம் என்பதற்காகவே அடுத்த நாவலை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நானும் வாங்கியிருக்கிறேன். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து சுபா என்ற ஒரே பெயரில் எழுதியதில் ஓட்டம் அதிகம். அந்த ஓட்டம்தான் பிறகு ‘அயன்’, ‘கோ’ என்று சினிமாவுக்கும் போனது.

சுஜாதாவை இந்த வரிசையில் வைக்கலாமா கூடாதா என்று படித்தவர்கள் வாதாடுவார்கள். எனக்கு அவர் ‘நைலான் கயிறு’ எழுதியவர். 1968-ல் குமுதத்தில் வந்தது, வக்கீல் கணேஷ் அறிமுகமானது அதில்தான். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கதைக்குப் போய்விடுவார். சொன்னது புரியும், சொல்லிக்கொடுத்தது தெரியாது. ‘கொலையுதிர் காலம்’ நாவலில் நடப்பதெல்லாம் பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் அவர் ஜூனியர் வசந்தும் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய சாட்சியத்தை நம் கையிலேயே கொடுத்திருப்பார். எதையும் சட்டைப்பையில் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பெரிசு.

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், இந்தக் கதைகளுக்கென்று பத்துக் கட்டளை எழுதினார். துப்பறிகிறவன் கண்ணில் பட்ட துப்பை வாசகனிடம் மறைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மற்ற ஒன்பதை விட்டாலும் நான் இந்த ஒன்றை விடமாட்டேன். அதே கட்டளையை அப்படியே தையல் புத்தகத்துக்கும் போடுவேன். ஒரு கைத்தொழில் புத்தகம் எனக்குத் தர வேண்டியது அழகான படம் இல்லை. ஆசிரியர் கைக்குத் தெரிந்தது முழுவதும் என் கைக்கு வர வேண்டும்.

இந்த இரண்டு வகைப் புத்தகத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தமிழ்வாணன். தேநீர் குடித்துக்கொண்டே மர்மத்தை அவிழ்க்கும் சங்கர்லாலைப் படைத்தவர். அவர் குடும்பத்தின் மணிமேகலைப் பிரசுரம்தான் சமையல், தையல், சுயதொழில் என்று வீட்டுக்குப் பயன்படும் புத்தகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பள்ளிக்கூடம் முடித்ததும் தையல் கற்கப் போகும் பெண் கையில் அந்த மாதிரி ஒரு புத்தகம் இருக்கும். ஜாக்கெட், பாவாடை, சுடிதார் வெட்டுவதற்கு அளவு கேட்டால் தமிழில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஒட்டுத்துணிப் போர்வை என்று கேட்டால்தான் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

காரணம் ஒன்றும் புதிர் இல்லை. நம் ஊரில் பழம்புடவையை மடித்துப் பிள்ளைக்குப் படுக்கை தைக்கத் தெரியாத பாட்டி யார்? யாரும் அதற்குப் புத்தகம் எழுதவில்லை. தேரில் தொங்குகிற தோம்பையைப் பாருங்கள். துணியை வெட்டி, மேலே வைத்துத் தைத்த யாளியும் அன்னமும் எத்தனை நேர்த்தி! என் அலமாரியில் இருக்கும் எந்தத் தையல் புத்தகத்திலும் தோம்பைக்கு ஒரு வரி கிடையாது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னொரு வகை. அவர்கள் விளிம்பில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை ஓட்டுத் தையலில் பிடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாகப் பூ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மேல்துணியை இணைத்து முடித்துவிட்டுத்தான் பஞ்சும் அடித்துணியும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கப் புத்தகங்கள் போடும் சட்டம் அவர்கள் வாசலுக்கே வரவில்லை.

அந்த அமெரிக்கப் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலனார் பர்ன்ஸ் என்ற அம்மையார் 1978-ல் ஒரே நாளில் போர்வை தைக்கலாம் என்று ஒரு புத்தகம் போட்டார். அடுத்த வருஷம் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சக்கரக் கத்தியால் நாலைந்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டினார்கள். வேகம் வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பளபளப் புத்தகங்களில் பாதி எனக்கு மோசமான துப்பறியும் நாவலாகத்தான் படுகிறது. முதல் பக்கத்தில் பிரமாதமான படம், கடைசிப் பக்கத்தில் அதே படம், நடுவில் ‘பிறகு இணைக்கவும்’ என்று ஒரு வரி. ஐயா, எப்படி இணைக்க வேண்டும்? தையலுக்கு விடும் கால் அங்குலம் ஒரு நூல் கூடினாலும், எட்டுத் துண்டு சேர்கிற நட்சத்திரத்தின் நடுவில் கொண்டை முளைக்குமே! தைத்த மடிப்பை எந்தப் பக்கம் சாய்த்துத் தேய்ப்பது? அதைச் சொல்லாமல் விடுவது, கொலைகாரனைக் கடைசி அத்தியாயத்தில் புதிதாகக் கூட்டி வருவதற்குச் சமம்.

எங்கள் மிஷின் பக்கத்தில் ஒரு தாள் தொங்கும். சரியான தையல் ஒரு படம், தப்பான தையல் ஒரு படம். வெட்டி வரும் துண்டின் ஓரத்தில் நாட்ச் என்று ஒரு சின்ன வெட்டு இருக்கும். இந்த நாட்ச்சும் அந்த நாட்ச்சும் சேர வேண்டும், அவ்வளவுதான். நேற்று வந்து சேர்ந்த பெண்ணுக்குக்கூடப் புரியும். அந்தத் தாளை எழுதியவர் யாரோ, அவரைப் போர்வைப் புத்தகம் எழுதச் சொல்ல வேண்டும்.

இனி நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் கதைக்கு வருகிறேன். சூசன் கிளாஸ்பெல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1916-ல் ‘ட்ரைஃபிள்ஸ்’ என்று ஓரங்க நாடகம் எழுதினார். அடுத்த வருஷம் அதையே ‘எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்’ என்று சிறுகதையாக்கினார். அவர் பத்திரிகை நிருபராக இருந்தபோது, 1900-ல் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி வீட்டில் கொலை நடந்தது. மனைவி மேல் வழக்கு. அதைப் பற்றிச் செய்தி எழுதியவர் இவர். கதையில், கணவன் படுக்கையிலேயே கயிற்றால் நெரிக்கப்பட்டுக் கிடக்கிறான். மனைவி காவலில் இருக்கிறாள். ஷெரீஃபும் வக்கீலும் மாடியிலும் மாட்டுக்கொட்டகையிலும் தடயம் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அவள் தைத்து முடிக்காத ஒட்டுத்துணிச் சதுரங்கள் கிடக்கின்றன. எல்லாத் தையலும் ஒரே சீர், கடைசியாகத் தைத்த சதுரத்தில் மட்டும் தையல் தாறுமாறு. அந்தக் கை அன்றைக்கு அவள் வசத்தில் இல்லை. அதைப் பார்த்த ஒருத்தி என்ன செய்கிறாள் தெரியுமா? மளமளவென்று பிரித்து, நேராகத் தைக்க ஆரம்பித்துவிடுகிறாள்! கிழிசல் தைக்கிற பாவனையில், நம் கண் முன்னாலேயே, சாட்சியம் அழிகிறது. ஆண்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

நாடகமேடையில் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது. மறைத்தது எதுவும் இல்லை. தைக்கத் தெரிந்தவளுக்கு மட்டும் அது துப்பு. வேலை தெரிந்து எழுதியவர் கைப்பட்டால்தான் இப்படி வரும். நான் இதைச் சத்தியம் செய்து சொல்லலாம், ஏனென்றால் தையலைப் பார்த்து ஆளைச் சொல்வது எங்கள் மேசையில் அன்றாடம் நடப்பது. கழுத்து வலியோடு தைத்தது, ஷிப்டு முடிகிற நேரத்தில் தைத்தது, ஊசி மழுங்கியும் மாற்றாமல் தைத்தது, எல்லாம் தெரியும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையில் ஒரு தையல் இருக்கிறது. மற்றத் தையலெல்லாம் பிரியக் கூடாது, இது மட்டும் பிரிய வேண்டும். மோதிய கணத்தில் பை வெடித்து வெளியே வர அந்த இடம் கிழிந்து வழிவிட வேண்டும். அதற்குத் தனி நூல், இத்தனை அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று தனிக் கணக்கு. எந்த மிஷினில், எப்போது தைத்தது என்று பார்கோடில் பதிவாகிவிடும். பிரித்துத் திரும்பத் தைக்கக் கூடாது, அந்தத் துண்டையே ஒதுக்கிவிட வேண்டும். கிளாஸ்பெல் கதையில் வரும் அந்த அம்மாள் எங்கள் லைனில் இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள்.

துப்பறியும் கதையின் ருசி தையல் புத்தகத்துக்குள் நுழைந்து கெடுத்ததும் உண்டு. 1999-ல் ‘ஹிடன் இன் ப்ளெய்ன் வியூ’ என்று ஒரு புத்தகம் வந்தது. அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடிய கறுப்பின மக்களுக்கு, வேலியில் உலரப்போட்ட போர்வைகளின் வடிவங்கள் ரகசியச் சங்கேதமாக இருந்தன என்றது அது. இந்த வடிவம் தெரிந்தால் மூட்டை கட்டு, அந்த வடிவம் தெரிந்தால் வளைந்து வளைந்து போ என்று. கேட்கவே மெய் சிலிர்க்கிறது அல்லவா? ஆதாரம் முக்கியமாக ஒரு குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதைதான். அக்காலப் போர்வைகளிலோ, தப்பி வந்தவர்கள் விட்டுச்சென்ற வாக்குமூலங்களிலோ இதற்குச் சான்று இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ஆனாலும் பள்ளிப் பாடம் வரை அது போய்விட்டது. நாவலாக எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வரலாறு என்று சொன்னதால் நாக்ஸ் பாதிரியாரிடம் பிடித்துக் கொடுக்கத் தோன்றுகிறது.

என் வாதத்துக்கு நானே எதிர்வாதமும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த போர்வைப் புத்தகத்தில் செய்முறை ஒரு வரிகூடக் கிடையாது. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆறு வளைந்து சூழ்ந்த ஒரு கிராமம். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்தவற்றை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், கூடவே பெரிய படப்புத்தகமும் வந்தது. மிசூரி பெட்வே என்ற பெண் 1942-ல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வை அதில் உண்டு. முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம் அப்படியே தெரியும். கோடுகள் நேராக இல்லை. எங்கள் மேசைக்கு வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவோம். சுவரில் பார்த்தால் நகர முடியாது. அந்தப் புத்தகம் கற்றுத்தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் ஏமாற்றவும் இல்லை.

நம் ஊருக்கு ஏற்றபடி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். வெளிநாட்டுப் புத்தகங்கள் பனிக்கு எழுதியவை, நடுவில் கனமான பஞ்சுத்தாள் வைக்கச் சொல்லும். காஞ்சிபுரம் ஜில்லா வெயிலுக்கு அதைத் தைத்தால் போர்த்திக்கொள்ள மார்கழி வரை காத்திருக்க வேண்டும். பஞ்சுக்குப் பதில் நைந்த நூல்புடவை ஒன்றை நடுவில் வையுங்கள், போதும். துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். இந்த இரண்டையும் சொல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1991 மே 21-ம் தேதி எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையை வைத்து எத்தனையோ எழுதியாகிவிட்டது. அங்கே உயிரிழந்த புகைப்படக்காரரின் கேமரா தப்பித்து, அதிலிருந்த படங்கள்தான் புலனாய்வுக்கு வழி காட்டின. கற்பனையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் நம்பியிருக்கமாட்டோம். அந்தச் சாவுகளை மறுபடி கதையாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வேறு ஊராகிவிட்டது. கார் ஆலை, வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென்று 2024-ல் திறந்த விடுதி, பெங்களூர் ரோட்டில் விடியவிடிய ஓடும் கம்பெனி பஸ்கள், பக்கத்திலேயே கார் பந்தயத் திடல். அம்பையின் சுதா குப்தா மும்பையில் துப்பறிகிற மாதிரி, இங்கே துப்பறிய ஒருத்தி இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. 1925-லேயே ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தி, 115 நாவல் எழுதி, அதில் துப்பறியும் கதைகளையும் விடாத வை.மு. கோதைநாயகி அம்மாள் இருந்த மொழி இது. யாராவது எழுத உட்கார்ந்தால், பார்கோடு விவரம், நூல் கணக்கு, ஷிப்டு நேரம் எல்லாம் நான் சொல்லித் தருகிறேன். ஒன்றே ஒன்று: கொலைகாரனை முதல் அத்தியாயத்திலேயே எங்கள் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஜன்னலோர சீட்டில் உட்காரட்டும், நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.