வாடாத நத்தார் மரம்

நத்தார்ப் பண்டிகைக்கென்று வெட்டிய மரம் எத்தனை நாள் பசுமையாய் நிற்கும் என்பது ஒரு சிறிய கேள்வியாகவே தோன்றும். விசாலமான பங்களாக் கூடத்தில் அது சிறிய கேள்வியேதான். ஆனால் மலைநாட்டுத் தோட்டத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், விறகடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் இடத்தில், அதே கேள்வி பெரிதாகிவிடுகிறது. லயத்திற்குக் கூரை ஒன்று, குடும்பங்கள் பல. ஒரு காம்பராவில் எழுந்த நெருப்பு அடுத்த காம்பராவின் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. வரிசை முழுவதும் ஒரே இரவில் எரிந்து, உடுத்த துணியோடு மக்கள் வெளியேறிய செய்திகளை மலைநாடு பலமுறை கேட்டிருக்கிறது. ஆகவே நத்தார் மரத்தை வாடாமல் காப்பது அழகுக்காக மட்டும் செய்யும் காரியமன்று.

இம்மரம் மலைநாட்டுக்கு வந்த விதம் சற்று வேடிக்கையானது. 1848 ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படமொன்று இலண்டன் பத்திரிகையில் வெளிவந்தபின், இங்கிலாந்தின் வீடுகளில் ஜெர்மானிய வழக்கமாகிய இம்மரம் வேரூன்றியது. அதன்பின் தோட்டத் துரைமாரோடு அது கடல் கடந்தது. ஆயினும் அத்துரைமாரில் பெருந்தொகையினர் ஸ்கொத்லாந்தியர். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டுக் காட்டிய ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. அவர்களுடைய தாய்நாட்டில் நத்தார் தினம் பொது விடுமுறையானது 1958 ஆம் ஆண்டில்தான்! ஊரில் புத்தாண்டையே பெரிதாகக் கொண்டாடி வளர்ந்தவர்கள், இலங்கை மலையுச்சியில் நத்தாரைக் கொண்டாடப் பழகினார்கள். பங்களாவிலிருந்து தேவாலயத்துக்கும், தேவாலயத்திலிருந்து லயத்துக்கும் மரம் இறங்கி வந்தது.

மரம் வந்ததே தவிர, அதற்குரிய இனம் இங்கே இருக்கவில்லை. ஊசியிலை மரங்கள் எவையும் இலங்கை மண்ணுக்கு இயல்பானவை அல்ல. கலிபோர்னியாக் கரையிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வந்த சைப்பிரஸ் மரங்களே நுவரெலியாவின் குளிருக்கு இசைந்து வளர்ந்தன. தேவாலய முற்றங்களிலும் பங்களாக்களின் காற்றுத்தடுப்பு வரிசைகளிலும் இன்று நிற்பவை பெரும்பாலும் அவையே. கரீபியன் பைன் மரங்கள் மலைச்சரிவுகளில் பெருவாரியாக நடப்பட்டது 1970 களிலும் 1980 களிலுமாகும். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் நத்தாருக்குச் சவுக்குக் கிளை வெட்டுவார்கள். அதைக் கேட்டுத் தோட்டத்தில் ஒருவர் சவுக்கைத் தேடப் புறப்பட்டால் ஏமாந்து போவார். ஏனெனில் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்திற்கே மலைநாட்டார் சவுக்கு என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இனி வெட்டுகின்ற காரியத்தைப் பார்ப்போம். இங்கேதான் தோட்டத்து அனுபவம் ஒருவரை வழிதவறச் செய்யக்கூடும். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துப் பழகிய கைக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: தேயிலைத் தூரை இலை ஒன்றுமின்றி மொட்டையாய் வெட்டினாலும் சில வாரங்களில் பழைய மரக்கட்டையிலிருந்தே துளிர் விடும். சைப்பிரஸ் அப்படிப்பட்டதன்று. இலையற்ற வெறுங்கட்டையிலிருந்து அது துளிர்ப்பதில்லை. அடியோடு வெட்டினால் மரம் போயிற்று. ஆனால் கீழே பச்சைக் கிளைகள் இரண்டு சுற்று எஞ்சியிருக்கும்படி விட்டு, அதற்கு மேலே தலையை மட்டும் வெட்டினால், மீந்த கிளைகளில் ஒன்று மெல்ல நிமிர்ந்து புதிய தலையாக வளரும். வெட்டிய பகுதியே காம்பராவுக்குப் போதுமான நத்தார் மரம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்றடி உயரத்துக் கிளை தாராளமாகப் போதும். இம்மரங்கள் தோட்டத்துக்குச் சொந்தமானவை என்பதையும் மறத்தலாகாது. நிர்வாகத்தின் அனுமதியின்றி அவற்றில் கத்தி வைப்பது வீண் வம்பு. காற்றுத்தடுப்பு வரிசையில் கிளை கழிக்கும் நாளை அறிந்து கேட்டுப் பெறுவதே உத்தமம்.

வெட்டியபின் மரத்துக்கு நேர்வது யாது? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிக்குப் போனால் போதும். அங்கே கொழுந்தை வாட்டுகிறார்கள். பறித்த கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் தண்ணீர். அதை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, ஈரம் மிகுந்த நாட்களில் அக்காற்றைச் சற்றுச் சூடாக்கியும், பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரத்துக்குள் அத்தண்ணீரில் பெரும்பகுதியை வெளியேற்றி விடுகிறார்கள். காற்றோட்டம், வெப்பம், வேரிலிருந்து பிரிந்த நிலை ஆகிய மூன்றுமே வாட்டுவதற்கு வேண்டியவை. நத்தார் மரத்தை அடுப்புக்கருகில், ஜன்னற் காற்றுக்கு நேரே, வெறும் மண் நிரப்பிய வாளியில் நட்டு வைத்தால் அந்த மூன்றும் அதற்கு வாய்த்துவிடுகின்றன. மேல்மாடியில் கொழுந்துக்குச் செய்வதையெல்லாம் மரத்துக்குச் செய்யாதிருந்தால் அது வாடாது. கொழுந்தைவிட மரத்துக்கு ஒரு வசதியும் உண்டு. வேர் போனாலும் தண்டு இருக்கிறது. தண்டின் வழியே அது இன்னும் குடிக்க வல்லது.

அந்தக் குடிக்கும் வழிதான் மிகவும் நுட்பமானது. தண்டின் வெளிப்புற மரப்பகுதியில் மயிரினும் மெல்லிய குழல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது அக்குழல்களுக்குள்ளிருக்கும் நீர் நூல்போல் மேலே இழுக்கப்படுகிறது. தண்டை வெட்டியதும் அந்நூல் அறுந்து, நீரின் இடத்தில் காற்றுப் புகுகிறது. போதாக்குறைக்கு, காயத்தை மூடுவதற்காக மரம் பிசினைச் சுரக்கிறது. ஆறு முதல் எட்டு மணிநேரம் வெட்டுவாய் காய்ந்து கிடந்தால், பின்னர் எத்தனை வாளித் தண்ணீரில் நிறுத்தினாலும் மரம் போதிய அளவு குடிக்காது. காலையில் வெட்டி, பிரட்டுக்கும் வேலைக்கும் போய்விட்டு, மாலையில் வந்து நிறுத்துகின்ற வீடுகளில் மரம் நான்கு நாளில் கருகுவதற்குக் காரணம் இதுவே.

பரிகாரம் எளிது. மரத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்பாக, அடியில் ஓரங்குல அளவு புதிதாக அறுத்துத் தள்ளி, உடனே தண்ணீரில் இறக்க வேண்டும். அறுப்பு நேராக இருக்கட்டும். கூராகச் சீவுவதால் பயனில்லை. வாளியின் வாய் சிறியதென்று தண்டைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் செதுக்குவது பெருந்தவறு. நீர் ஏறும் வழியே அந்த வெளிமரம்தான். அதைச் செதுக்கியபின் உள்ளே எஞ்சும் கட்டை மரத்தைத் தாங்குமேயன்றி நீரை ஏற்றாது. தண்டுக்கேற்ற வாளியைத் தேடுங்கள். வாளிக்கேற்பத் தண்டைச் சிறுப்பிக்காதீர்கள்.

வாளியில் மண்ணிடும் வழக்கத்தை விட்டுவிடலாம். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கைப்பிடியளவு கருங்கற்களைத் தண்டைச் சுற்றி இறுக அடுக்கி, வெட்டுவாய் எப்பொழுதும் அமிழ்ந்திருக்குமாறு தண்ணீர் ஊற்றினால் மரம் அசையாமலும் நிற்கும், நீர்மட்டமும் கண்ணுக்குத் தெரியும். தண்டின் விட்டம் ஓரங்குலமானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லீற்றர் தண்ணீர் குடிக்கும் என்பது பொதுக் கணக்கு. முதல் நாளில் இதைவிட அதிகமாகவும் உறிஞ்சக்கூடும். பகலில் வீட்டில் எவரும் இல்லாத குடும்பங்களில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை நிரப்புவதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். ஒருநாள் மறந்து வெட்டுவாய் காற்றுப்பட்டுவிட்டால் பிசின் மறுபடி அடைத்துக்கொள்ளும். அப்போது மணிகளையும் நட்சத்திரத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாக அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீரில் சீனி போட வேண்டும், தலைவலி மாத்திரை போட வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. சுத்தமான வெறுந்தண்ணீரைவிட அவை எதுவும் மேலானதென்று நிரூபிக்கப்படவில்லை. சீனி தேநீருக்கு ஆகட்டும்.

நுவரெலியாவில் இம்முயற்சிக்கு இயற்கையே துணை நிற்கிறது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வூரின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவே. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையும் மூட்டமும் காற்றில் ஈரத்தை நிறைத்து வைக்கின்றன. அட்டன், டிக்கோயாப் பகுதி சற்றுத் தாழ்வாயினும் குளிர்ச்சியே. ஆனால் அதே மரம் லொறியேறிக் கொழும்புக்குப் போகும்போது கதை மாறிவிடுகிறது. மணிக்கணக்காக வழிக்காற்று அதன்மேல் வீசுகிறது. போய்ச் சேரும் இடத்திலோ வெப்பம் பத்துப் பாகைக்கு மேல் அதிகம். கொழும்பிலுள்ள உறவினருக்குக் கிளை அனுப்புகின்றவர்கள் அதை நனைத்த சாக்கில் சுற்றி அனுப்புவதும், அங்கே சேர்ந்தவுடன் அடியை மறுபடி அறுக்கச் சொல்வதும் நன்று.

மரம் காய்ந்துவிட்டதா என்று கண்டறிவதில் சைப்பிரஸ் ஒரு வஞ்சகம் செய்கிறது. பைன் மரம் காய்ந்தால் ஊசிகளை உதிர்த்துத் தரையிலே அறிவித்துவிடும். சைப்பிரஸின் செதில் இலைகள் அப்படி உதிர்வதில்லை. உள்ளே ஈரம் போனபின்னும் வெளியே பச்சை நிறம் சில நாட்கள் நிற்கும். ஆகவே கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். கிளை நுனியை வளைத்துப் பார்த்தால், ஈரமுள்ளது நாணற்போல வளைந்து மீளும். காய்ந்தது சடசடவென்று நொறுங்கும். பளபளப்புக் குறைந்து சாம்பல் பூத்த பச்சையாக மாறுவதும், வாளியின் நீர்மட்டம் இரண்டு நாளாய் இறங்காமல் நிற்பதும் அபாய அறிகுறிகள்.

அபாயம் என்ற சொல் மிகையன்று. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு ஆய்வுகூடங்களில், நாள்தோறும் நீரூட்டிய மரத்துக்கும் உலரவிட்ட மரத்துக்கும் தீமூட்டிப் பார்த்திருக்கிறார்கள். நீருண்ட மரத்தில் தீ எளிதிற் பற்றவில்லை. பற்றியதும் பரவாமல் அணைந்தது. உலர்ந்த மரமோ ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் சுடராகி, அறையையே சூழ்ந்தது. அந்தச் சோதனை அறைக்குப் பக்கத்தில் வேறு குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. லயத்திலோ தகரக் கூரைக்கடியில் விறகும் துணியும் அடுக்கியிருக்கும், மின்கம்பிகள் பழையவை, தண்ணீர்க் குழாய் பல வேளைகளில் லயத்துக் கோடியில்.

எனவே மரம் நிற்குமிடத்தைத் தேர்ந்துகொள்வதில் இரண்டு காரியங்களை ஒருங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது. அடுப்புக்கு இயன்றவரை எட்டவிருக்கட்டும். அதே சமயம் வாசலை மறித்தும் நிற்கலாகாது; ஏனெனில் பழைய காம்பராக்கள் பலவற்றுக்கு வாசல் ஒன்றுதான். இஸ்தோப்பின் ஒரு கோடி, கதவுக்கு விலகிய மூலை, இதற்கு மிகவும் ஏற்றது. அங்கே குளிரும் இருக்கிறது. போகிற வருகிறவர் கண்ணுக்கும் மரம் விருந்தாகும். மெழுகுவர்த்தியைக் கிளையில் ஏற்றும் பழைய பங்களா வழக்கம் லயத்துக்கு முற்றிலும் ஆகாது. மின்குமிழ்த் தொடர் போடுவோர் வெப்பம் குறைந்த எல்இடி வகையை வாங்குவது நலம். ஒரே செருகியில் தொடர்மேல் தொடராகக் கோத்துச் செல்லாமலும், உறங்கப் போகுமுன் அணைத்துவிட்டும் இருந்தால், நடுநிசிப் பூசைக்குத் தேவாலயம் போகிறவர்கள் நிம்மதியாகப் போய் வரலாம்.

எப்பொழுது வெட்டுவது என்பதற்கும் கணக்குண்டு. நத்தாருக்கு முந்திய நாள் நிறுத்தி, சனவரி 6 ஆம் நாள் மூன்று இராசாக்கள் திருநாள் வரை வைப்பதே பழைய மரபு. அது இரண்டு கிழமைக் காலம். நன்றாக நீரூட்டிய மரம் மலைநாட்டுக் குளிரில் அவ்வளவு நாளும் பசுமை குன்றாது. டிசம்பர் முதல் வாரத்திலேயே நிறுத்துகின்ற இக்கால அவசரந்தான் நான்கைந்து வாரப் பாரத்தை அதன்மேல் ஏற்றுகிறது. முற்கூட்டியே அலங்கரிக்க விரும்புவோர் சிறு சைப்பிரஸ் கன்றையோ நோர்போக் தீவுப் பைன் கன்றையோ சாடியில் வளர்க்கலாம். வேருள்ள கன்றாயினும் பத்து நாளுக்கு மேல் அறைக்குள் அடைத்து வைத்தல் கூடாது. வெளியே எடுக்கும்போதும் சில நாட்கள் நிழலில் வைத்து, அதன்பின்னரே வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

இராசாக்கள் திருநாள் கழிந்தபின் மரத்தைக் கூரைக்கடியில் சேர்த்து வைக்காமல், அன்றே வெளியேற்றிவிட வேண்டும். அடுத்த வாரத்திலேயே தைப்பொங்கல் வருகிறது. அயல் காம்பராக்களின் முற்றத்தில் அடுப்பு மூட்டுவார்கள். பிசினுள்ள காய்ந்த தழை வெடித்துப் பொறி பறக்கும். அதனால் அதை எந்த அடுப்பிலும் இடலாகாது. தண்டை வெட்டி விறகுக்கு உலர வைக்கலாம். தழைக்கு வேறு வேலை இருக்கிறது. நுவரெலியாவில் சனவரி, பெப்ருவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து, லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கருக்கிவிடும். அந்த இரவுகளில் இளம்பயிர்களின் மேல் அத்தழையைப் பரப்பி மூடி, விடிந்து வெயில் ஏறியதும் எடுத்துவிடலாம்.