வாய்ச்சிலம்பம் போதும்!

(ஊர்ச் சிலம்பக் கூடம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

எனக்கு முன் பேசிய நண்பர் என்னைச் ‘சிலம்பச் செம்மல்’ என்றார். அது மிகை. யான் தமிழாசிரியன். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் புணரியலும் யாப்பும் சொல்லிவிட்டு, மாலையில் ஒரு மணிப்பொழுது கம்பெடுத்து வீசுபவன். சிலம்பம் எனக்குப் பிழைப்பும் அன்று; பட்டம் தேடும் வழியும் அன்று; விருப்பம் ஒன்றே. ஆகலின், ஆசான்மார் வீற்றிருக்கும் இவ்வவையில் கலையைக் கற்பிக்க முனையேன். விரும்பிப் பயில்பவன் ஒருவன், தன்போல் விரும்பிப் பயில்வார்க்குச் சொல்லத்தக்க சிலவற்றையே சொல்வேன்.

நம் மொழியில் ‘வாய்ச்சிலம்பம்’ என்றொரு சொல் உண்டு. செயலின்றிச் சொல்லாலேயே எதிரியை அடித்து வீழ்த்துவதற்கு அப்பெயர். இக்காலத்து இளைஞர் ‘சும்மா கம்பு சுற்றாதே’ என்று சொல்வதும் ஏறத்தாழ அப்பொருளில்தான். ஓர் இனத்தின் மறக்கலை அவ்வினத்தின் வாயிலேயே வெறும் பேச்சுக்குப் பெயராகிப் போனது எதனால்? கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டதனால் அன்றோ? யான் சொல்ல வந்தது இஃதொன்றே: வாய்ச்சிலம்பம் போதும், மெய்ச்சிலம்பம் வேண்டும். ‘மெய்’ என்பதற்கு உண்மை என்றும் பொருள். உடல் என்றும் பொருள். நமக்கு இரண்டும் வேண்டும்.

உண்மை

முதலில் உண்மையைப் பார்ப்போம். ‘உலகத்து மற்கலைகள் அனைத்திற்கும் தாய் சிலம்பமே; காஞ்சியினின்று சென்ற போதிதருமரே சீனர்க்குக் கைப்போர் கற்பித்தார்’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். 2011-ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் ஒன்றிற்குப் பின் இம்முழக்கம் பள்ளிச் சிறுவர் வாயிலும் ஏறிவிட்டது. இதற்குச் சான்று என்ன?

போதிதருமர் வாழ்ந்தது கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் என்பர். அவரைப் பாரசீகர் என்று எழுதிய சீனக் குறிப்பு உண்டு, அது கி.பி. 547-ஐ ஒட்டியது. தென்னாட்டு மன்னன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று எழுதிய பழங்குறிப்பும் உண்டு. அவர் தென்னாட்டவர் என்று கொள்ள இடமிருக்கிறது, கொள்வோம். ஆனால், சாவோலின் மடத்துத் துறவியர்க்கு அவர் உடற்பயிற்சி வகுத்துக் கொடுத்தார் என்னும் செய்தியோ 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றையே அடிப்படையாகக் கொண்டது. இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வெற்றிடம்! அவ்வெற்றிடத்தின்மேல் கோட்டை கட்டிக்கொண்டு அதுவே தமிழன் பெருமை என்றால், பகைவன் ஒருவன் வாயால் ஊதினாலும் அது சரிந்து விழும். தமிழுக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. தேடுவாரின்றி மெய்ச்சான்றே குவிந்து கிடக்கிறது.

புறநானூற்றைத் திறந்து பாருங்கள். 80, 81, 82 ஆகிய மூன்று பாடல்களும் சாத்தந்தையார் பாடியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல்நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வீழ்த்திய நிகழ்ச்சி பற்றியவை. 80-ஆம் பாடலில் புலவர் மன்னனின் தோள்வலியைப் புகழ்ந்து நின்றுவிடவில்லை. அவன் ஒரு கால் மல்லனின் மார்பை எவ்வாறு அழுத்திற்று, மற்றைக் கால் எவ்வாறு எதிரியின் முயற்சியைத் தடுத்துப் பின்னே வளைந்தது என்று, காலின் நிலையை எடுத்துக் காட்டுகிறார். மற்போரை அருகிருந்து பார்த்தறிந்தவரே அவ்வாறு பாட இயலும். தமிழன் காலடியைச் சீனத்து மலையில் தேடுவானேன்? நம் வீட்டுப் பொத்தகத்திலேயே அது பதிந்திருக்கிறதே!

உடல்

புலவர் காலைப் பார்த்தார். நாமோ கையைப் பார்க்கிறோம். கூடத்திற்கு வரும் பிள்ளை, முதல் நாளே கம்பு கண்ணுக்குத் தெரியாதபடி சுழல வேண்டும் என்று விழைகிறான். பெற்றோர் அதனைச் செல்பேசியில் படம்பிடிக்க விழைகின்றனர். ‘ஒரு திங்கள் காலடி மட்டும் வை’ என்று ஆசான் சொன்னால் இருவர் முகமும் வாடிவிடுகிறது. கம்பு சுழல்வது கையால். உயிர் தப்புவது காலால். சுவடு தவறியவன் எவ்வளவு விரைந்து வீசினாலும், அவன் வீச்சு அவன் காதையும் கணுக்காலையுமே முதலில் தேடி வரும். அடி, தடை, குத்து, வெட்டு, வாரல் என்பன யாவும் நிற்கும் நிலையின்மேல் எழுந்தவை. அடிப்படை என்னும் சொல்லிலேயே அடி இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

இனி, பயில்வார்க்குச் சில சொல்வேன். கம்பை நிலத்தில் ஊன்றினால் அது உங்கள் நெற்றியளவு நிற்க வேண்டும். வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ ஐந்தரை அடி. பத்தாண்டுப் பிள்ளையின் கையில் தந்தையின் கம்பைக் கொடுத்தால், பிள்ளை கம்பைச் சுற்றான். கம்பு பிள்ளையைச் சுற்றும். மூங்கிற் கம்பாயின் எடுக்குந்தோறும் விரலால் தடவிப் பாருங்கள். சிம்பு கிளம்பியிருந்தால் உள்ளங்கை கிழியும். வெடிப்பிருந்தால் எதிரே நிற்பவன் கண்ணுக்குத் தீங்கு. அத்தகைய கம்பை எறிந்துவிடுங்கள். மொட்டைமாடியில் பயில்வோர் முதலில் தலைக்கு மேலே மின்கம்பி செல்கிறதா என்று பாருங்கள். வலக்கை கற்றதை இடக்கையும் கற்கட்டும். ஞாயிறன்று மூன்று மணிப்பொழுது துள்ளிவிட்டு ஆறு நாள் தூங்குவதைவிட, நாள்தோறும் அரை மணிப்பொழுது பயில்வது நன்று.

என்போல் ஐம்பதைக் கடந்தவர்க்கு ஒரு சொல். இளைஞன் தாழ்ந்து அமரும் அளவுக்கு நீங்களும் தாழ்ந்து அமர வேண்டும் என்று எந்த ஆசானும் கட்டளையிடவில்லை. உடலைச் சூடேற்றாமல் கம்பைத் தொடாதீர்கள். களைப்பு வேறு, வலி வேறு. களைப்பு ஓய்ந்தால் நீங்கும். மூட்டில் தங்கும் வலி மருத்துவரிடம் போ என்று சொல்லும். முழங்காலைக் கெடுத்துக்கொண்டு மறம் வளர்ப்பார் உண்டோ?

ஒழுக்கம்

‘ஐயா, தெருவில் நால்வர் சூழ்ந்துகொண்டால் சிலம்பம் காக்குமா?’ என்று மாணவர் கேட்பதுண்டு. தெருவில் செல்லும்போது ஐந்தரை அடிக் கம்பு உங்கள் கையில் இராது. ஆனால் கால் இருக்கும். விலகிச் செல்ல வழியிருந்தால் விலகுங்கள். ஓட வழியிருந்தால் ஓடுங்கள். அஃது இழிவன்று. எதிரியின் கைக்கு எட்டாத தொலைவில் நிற்பதே சிலம்பம் கற்பிக்கும் முதற்பாடம். அதனை அறிந்தவன் சண்டைக்கு எட்டாத தொலைவிலும் நிற்க அறிவான். நான்கு திங்கள் பயின்றுவிட்டு நால்வரை அடிப்பேன் என்பவன் திரைப்படத்தை நம்பியவன். ஆசானை நம்பியவன் அல்லன். வருமம் பற்றியும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு விளையாட்டாக ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்க வேண்டா. அடக்கமும் மருத்துவ அறிவும் உடையார்க்கே உரிய துறை அது.

அடுத்து, வேடிக்கைச் சிலம்பம். ஆணிப் பலகைமேல் நின்று கம்பு சுற்றுதல், பானைமேல் நின்று சுற்றுதல், இடைவிடாது பல மணிப்பொழுது சுற்றுதல் என்று சிறு பிள்ளைகளை நிறுத்தி, ‘உலக சாதனை’ என ஒரு தாளை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். பெற்றோரே, அப்பிள்ளையின் தோளும் முதுகும் என்ன பாடுபடும் என்று எண்ணினீர்களா? அத்தாளைக் கொடுத்தவர்க்குச் சிலம்பத்தில் ஒரு சுவடேனும் தெரியுமா என்று கேட்டீர்களா? அலங்காரச் சிலம்பம் நம் மரபே. விழாவில் கண்ணுக்கு விருந்தாகும் வீச்சை யான் பழிக்கவில்லை. கலையைத் துன்புறும் காட்சியாக்கி விற்பதையே பழிக்கிறேன்.

இன்னொன்று, உரத்துச் சொல்ல வேண்டியது. ‘இந்தத் தெருவார்க்கு மட்டும் கற்பிப்போம், அந்தத் தெருவார் வேண்டா’ என்று கம்புக்கும் சாதி கற்பித்த ஊர்கள் உண்டு. மூங்கில் எந்தச் சாதி? ‘பனையேறி மல்லு’ என்று ஒரு சிலம்ப வகைக்குப் பெயர். உழைப்பவன் பெயரைத் தாங்கி நிற்கும் கலையை உழைப்பவனுக்கே மறுப்பது கொடுமை அன்றோ? பெண்மக்களுக்கும் அவ்வாறே. இன்று இம்முன்வரிசையில் பெண்பிள்ளைகள் பாதிக்கு மேல் அமர்ந்திருப்பது கண்டு என் நெஞ்சம் நிறைகிறது. மணமானதும் கம்பைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள், மகளிரே!

சொல்

இறுதியாக, என் தொழிலுக்குரிய செய்திக்கு வருகிறேன். நம் களத்தில் இன்று ஒலிக்கும் மொழி எது? ‘ரெடி’ என்கிறார் பயிற்றுநர். ‘ஒன், டூ, திரீ’ என்று எண்ணுகிறார். கம்பு மெய்யில் பட்டால் ‘பாயிண்ட்டு’ என்கிறார். கம்பு தமிழ், கால் தமிழ், வாய் மட்டும் ஆங்கிலமா?

சப்பானியரைப் பாருங்கள். சூடோ என்னும் மற்கலைக்கு 1882-ஆம் ஆண்டு தோக்கியோவில் பள்ளி நிறுவியவர் கானோ சிகோரோ என்னும் கல்வியாளர். அக்கலை 1964-இல் ஒலிம்பிக்கு விளையாட்டில் இடம்பெற்றது. இன்று உலகத்தின் எந்த மூலையில் சூடோப் போட்டி நடந்தாலும், தொடங்குக என்பதற்கு நடுவர் ‘அசிமே’ என்கிறார். நிறுத்துக என்பதற்கு ‘மத்தே’ என்கிறார். முழு வெற்றிக்கு ‘இப்போன்’ என்கிறார். சென்னையில் நடந்தாலும் அதே சொற்கள்தாம். ஓக்கினாவாத் தீவிலிருந்து கராத்தேயைக் கொண்டுவந்து 1922-இல் தோக்கியோவில் காட்டிய பூனாகோசி கிச்சின் யார்? என்போல் ஒரு பள்ளியாசிரியர்! ‘சீனக்கை’ என்று பொருள்பட எழுதப்பட்டுவந்த அப்பெயரை, ஒலி மாறாமல் ‘வெறுங்கை’ என்று பொருள்படுமாறு எழுதும் வழக்கத்தை 1930-களில் ஊன்றச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். கலை கடல் கடந்தபோது மொழியும் உடன் கடந்தது. நாமோ, கலை நம் தெருவில் இருக்கும்போதே மொழியை வெளியே அனுப்புகிறோம்!

2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நகர்களில் நடைபெற்ற இந்திய அளவிலான இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சி. நாளை பிற மாநிலத்தாரும் பிற நாட்டாரும் கற்க வருவார்கள். அவர்கள் வந்து கேட்கும் முதற்சொல் எம்மொழியில் இருக்க வேண்டும்? ‘அணியமா?’ என்று கேளுங்கள். ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்று ஆணையிடுங்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுங்கள். ‘தொடுபுள்ளி’ என்று கூறுங்கள். பழைய கூடங்களில் தொடக்க வணக்கத்தைச் ‘சலாம் வரிசை’ என்றனர். ‘வணக்க வரிசை’ என்போம். ‘உசுத்தாது’ என்னும் உருதுச் சொல் ‘வத்தாது’ ஆகி வழங்கிற்று. ‘ஆசான்’ இருக்க அது நமக்கு எதற்கு?

இதனினும் பெரிய இழப்பொன்று கண்ணெதிரே நிகழ்கிறது. துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், நாகதாளி என்று சிலம்ப வகைகளின் பெயர்களே எத்தனை! ஒவ்வொரு வகைக்குள்ளும் சுவடுக்கும் வீச்சுக்கும் பூட்டுக்கும் ஊருக்கொரு பெயர். அவற்றுட் பல எந்த அகரமுதலியிலும் ஏறாமல், எழுதப் படிக்கத் தெரியாத முதிய ஆசான்மார் நாவில் மட்டும் வாழ்கின்றன. ஆசான் ஒருவர் மறைந்தால் சொற்கள் சில மறைகின்றன. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடசொல்லைக் களைவதோடு நிற்பதன்று. வாழும் தமிழ்ச்சொல்லைக் காப்பதும் அதன் பணியே. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி பாவாணர் தலைமையில் 1974-இல் தொடங்கிற்று. அவர் 1981-இல் மறைந்தார். அவர் வழி நடப்போம் என்போர், அவர் படத்துக்கு மாலையிட்டால் மட்டும் போதுமா?

ஆகவே, இக்கூடத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு தடித்த ஏட்டை வாங்குங்கள். ஞாயிறுதோறும் ஒரு முதிய ஆசானிடம் செல்லுங்கள். அவர் ஒரு சுவடு வைக்கட்டும். அதன் பெயரைக் கேளுங்கள். அவர் பலுக்கியவாறே எழுதுங்கள். ஊர், நாள், ஆசான் பெயர் மூன்றையும் குறியுங்கள். காணொளியும் எடுங்கள், அசைவு அதிலும் சொல் ஏட்டிலும் நிற்கட்டும். ஓராண்டு முடிவில் நூறு சொல் சேர்ந்தாலும், நூறு மேடையில் முழங்கியதைவிட அது மேல். தமிழாசிரியர்களே, நீங்களும் மாலையில் களத்திற்கு வாருங்கள். கம்பெடுக்க இயலாதவர் எழுதுகோலோடு வாருங்கள்.

இளைஞர்களே! முன்னோர் பெருமை நமக்குக் கிடைத்த முதல். அதனை வாயால் எண்ணிக்கொண்டிருந்தால் வளராது. நாளை மாலை கம்பெடுங்கள், காலை ஊன்றுங்கள், தமிழில் எண்ணத் தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க மறக்கலை!